குழி தோண்டுமுன் குழாயைக் கவனியுங்கள்

பண்ணைக்குட்டை வெட்டவும், வாய்க்கால் தூர் வாரவும், மேட்டு நிலத்தைச் சமன் செய்யவும் இப்போது பொக்லைன், ஜே.சி.பி. இயந்திரங்களையே அமர்த்துகிறோம். பல ஆட்கள் பார்க்கும் வேலை விரைவில் முடிகிறது. ஆனால் காவிரி டெல்டா போன்ற பகுதிகளில் வயல்களின் ஊடே எரிவாயுக் குழாய்கள் செல்கின்றன. மின்கேபிள்களும் உண்டு. அவ்விடங்களில் இயந்திரம் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. தனிப் பழக்கம் தேவை.

எங்கே தோண்டக்கூடாது?

1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழாய்க்காக உபயோக உரிமை எடுக்கப்பட்ட பகுதியில் நிலம் விவசாயிக்கே சொந்தம். முன்போலப் பயிர் செய்யலாம். ஆனால் கட்டடம் கட்டுதல், குளம், கிணறு வெட்டுதல், மரம் நடுதல் கூடாது. பண்ணைக்குட்டைக்கு இடம் பார்க்கும்போதே இதைக் கவனிப்பது அவசியம்.

வேலைக்கு முன்

வரப்போரம் உள்ள அடையாளக் கற்களையும் பலகைகளையும் பாருங்கள். அதில் எழுதியுள்ள எண்ணுக்குத் தகவல் கொடுத்து, குழாய் நிறுவனத்தார் வந்து தடத்தைக் காட்டிய பிறகே வேலை தொடங்க வேண்டும். மோட்டாருக்கு நீங்களே புதைத்த கேபிள் இருந்தால் அதையும் ஓட்டுநருக்குக் காட்டி, மெயினை நிறுத்திவிடுங்கள்.

குழாயின் மேல் சுமார் 1 மீட்டர் மண் மூடுவது வழக்கம். மழை அரிப்பாலும் மண் எடுப்பதாலும் அது குறைந்திருக்கலாம். ஆகவே ஆழத்தை நம்பி பக்கெட்டை இறக்கக்கூடாது. நிறுவனத்தார் முன்னிலையில் மண்வெட்டியால் சோதனைக் குழி எடுத்து, குழாய் இருக்குமிடத்தை நேரில் கண்டு, அதன் அருகே கையாலேயே தோண்ட வேண்டும். எச்சரிக்கை நாடாவோ, வரிசையாகப் பதித்த செங்கல்லோ தென்பட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

அடிபட்டுவிட்டால்

எரிவாயுவுக்கு எப்போதும் வாசனை இருக்குமென்று எண்ணாதீர்கள். 'உஸ்' என்ற சத்தம், கிளம்பும் புழுதி, தேங்கிய நீரில் குமிழி ஆகியவையும் கசிவின் அறிகுறிகளே. பீடி, நெருப்பு, கைபேசி கூடாது. எல்லோரும் காற்று வரும் திசையை நோக்கி விலகிச் சென்று, தொலைவிலிருந்து தகவல் கொடுக்க வேண்டும். மண்ணைத் தள்ளி மூட முயலக்கூடாது.

மின்கேபிளில் பட்டால் ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்க வேண்டும். மற்றவர்கள் இயந்திரத்தைத் தொடவோ நெருங்கவோ கூடாது. தீப்பிடித்து இறங்க நேர்ந்தால், இயந்திரத்தையும் தரையையும் ஒருசேரத் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தூக்காமல் நகர்த்தி நகர்த்தி விலக வேண்டும்.

கீறலை மறைக்காதீர்கள்

கசிவு இல்லையென்று குழாயில் பட்ட கீறலை மண்ணால் மூடிவிடுவது பெருந்தவறு. பெல்ஜியம் நாட்டின் கிஸ்லெங்கியன் ஊரில் கட்டுமான வேலையின்போது அடிபட்டிருந்த எரிவாயுக் குழாய், 2004 ஜூலை 30-இல் வெடித்து 24 பேர் மாண்டனர். அடிபட்ட அன்று வெடிக்கவில்லை. பின்னர் குழாயில் அழுத்தம் கூட்டப்பட்டபோது நலிந்த இடம் பிளந்தது.

மணிக்கணக்கில் வாடகை ஏறுகிறதே என்று ஓட்டுநரை அவசரப்படுத்த வேண்டாம். சோதனைக் குழிக்கு ஆகும் நேரம் வீண் அல்ல. இம்முறைகளை அறிந்த ஓட்டுநரையே அமர்த்துங்கள்.