வியாதியா, சோம்பலா?

விடியற்காலை ஐந்து மணி. நாள்தோறும் சூரிய நமஸ்காரமும் ஆசனங்களும் செய்து பழகிய அன்பர் ஒருவர் கண் விழிக்கிறார். தொண்டை கரகரக்கிறது, உடல் கனக்கிறது. ‘மேற்கொண்ட நியமத்தை விடலாகாது’ என்கிறது மனத்தின் ஒரு பாதி. ‘இன்று உடம்பு சரியில்லை, படுத்திரு’ என்கிறது மறுபாதி. எதற்குச் செவிசாய்ப்பது?

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் முதல் பாதம், முப்பதாவது சூத்திரத்தில், சித்தத்தைச் சிதறடிக்கும் ஒன்பது இடையூறுகளைக் கூறுகிறார். முதலாவது வியாதி, ஐந்தாவது ஆலஸ்யம், அதாவது சோம்பல். இரண்டையும் அவர் தனித்தனியே வைத்திருப்பது சிந்திக்கத் தக்கது. சோம்பலுக்கு மருந்து எழுந்து நிற்பது. வியாதிக்கு மருந்து ஓய்வு. மருந்தை மாற்றிக் கொடுத்தால் இரண்டுமே வளரும்.

இவற்றைப் பகுத்தறிய மருத்துவர்கள் எளிய வழி ஒன்று சொல்கின்றனர். மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என உபாதை கழுத்துக்கு மேல் மட்டும் இருந்தால் மிதமான பயிற்சி செய்யலாம். மார்புச் சளி, கடும் இருமல், வாந்தி, வயிற்றுப்போக்கு, உடல்வலி ஆகியவை இருந்தால் ஓய்வே உகந்தது. காய்ச்சல் இருந்தால் பயிற்சி கூடவே கூடாது. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 முறை கூடுதலாகத் துடிக்கிறது, நீரும் வற்றுகிறது. வைரஸ் கிருமிகள் சிலவேளை இதயத் தசையிலேயே அழற்சியை உண்டாக்கும். அப்போது செய்யும் கடும் பயிற்சி உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஐயம் நீங்காவிடில், காய்ச்சல் இல்லையென உறுதி செய்துகொண்டு, பத்து நிமிடம் மெதுவாக நடந்து பாருங்கள். உடல் லேசானால் தடுத்தது சோம்பல் என்றறிந்து மிதமாகத் தொடரலாம். களைப்பு மிகுந்தால் உடனே நிறுத்துங்கள். நலமாக இருப்பவரும் தம் வலிமையில் பாதியளவே பயிற்சி செய்ய வேண்டும் என்பது சுச்ருதர் வகுத்த நெறி. அவ்வாறிருக்க, நோயுற்றவர் முழு வலிமையையும் செலவிடுவது எங்ஙனம் பொருந்தும்?

‘நான் ஒருநாளும் தவறியதில்லை’ என்ற பெருமிதத்தை நாம் பலமுறை வைராக்கியம் என்று எண்ணிவிடுகிறோம். அது நியமத்தின் வேடம் புனைந்த அகங்காரம். இருமலோடு கூட்டுப் பயிற்சிக்குச் செல்பவர் தம் நோயைப் பிறருக்கும் பகிர்ந்தளிக்கிறார் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மருந்தின் உதவியின்றி 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்து, களைப்பும் நீங்கிய பின், சிறு நடையில் தொடங்கிப் படிப்படியாகப் பழைய அளவை எட்டலாம். மார்பு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் தோன்றினால் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும்.

படுக்கையில் இருக்கும் நாளிலும் சாதனை அறுபடுவதில்லை. ஆசனம் செய்ய இயலாத உடலிலும் மனம் ஜபம் செய்யலாம். உடலின் குரலைப் பொய்யின்றிக் கேட்டு, அதற்கேற்ப நடப்பதும் ஒரு சாதனையே.