கேக் வயிற்றில் களாக்காய்

கே: கேக்கை இரண்டாக அறுத்து நடுவில் கிரீம் வைத்தால் வழிந்து ஓடுகிறது, மேல் துண்டும் சறுக்கி விழுகிறது. நடுவில் எதையாவது வைக்கும் இந்த வழக்கத்தை ஆரம்பித்த புண்ணியவான் யார்? நான் என்னதான் வைப்பது?
— ஒரு வாசகி, மயிலாப்பூர்

ப: விக்டோரியா மகாராணிதான் ஆரம்பித்தார் என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதியிருப்பார்கள். கணவர் ஆல்பர்ட் போன துக்கத்தில் ராணி ஆஸ்போர்ன் மாளிகையில் அடைந்து கிடந்தாராம். டீ வேளையில் அவரைத் தேற்ற, இரண்டு ஸ்பாஞ்ச் துண்டுகளுக்கு நடுவே ஜாம் தடவிக் கொடுத்தார்களாம். அதிலிருந்து வந்ததாம் விக்டோரியா கேக். கதை உருக்கமாகத்தான் இருக்கிறது, தேதிதான் இடிக்கிறது. ஆல்பர்ட் இறந்தது 1861 டிசம்பர் 14. இஸபெல்லா பீட்டனின் குடும்ப நிர்வாகப் புத்தகம் அதே ஆண்டு அக்டோபரிலேயே அச்சாகிக் கடைக்கு வந்துவிட்டது. ‘விக்டோரியா சாண்ட்விச்’ அதில் இருக்கிறது. துக்கம் வருவதற்கு முன்பே ஆறுதல் தயார்! பீட்டன் அம்மாள் சொல்லும் கணக்கு எளிது: 4 முட்டை, அதன் எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்கு மாவு, ஒரு சிட்டிகை உப்பு, நடுவில் கையில் கிடைத்த ஏதாவது ஒரு ஜாம். கிரீம் என்ற பேச்சே இல்லை. முட்டை என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக் கடைக்காரர். மனைவிக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்காக 1837இல் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரையும், 1843இல் பேக்கிங் பவுடரையும் கண்டுபிடித்தார். மாட வீதிகளில் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

ஏன் ஜாம் என்று கேட்டால்தான் உங்கள் பிரச்சினைக்கு வழி பிறக்கும். நடுவில் வைப்பது ருசிக்காக என்று எல்லோரும் நினைக்கிறோம். ருசி பிற்பாடு வந்தது. முதல் வேலை ஈரம் காப்பது. ஸ்பாஞ்ச் அடுப்பை விட்டு இறங்கிய நிமிஷத்திலிருந்து அதன் மாவுச்சத்து இறுக ஆரம்பிக்கிறது, மறுநாள் தொண்டையில் அடைக்கிறது. பக்கத்தில் இனிப்பான ஈரம் ஒன்று இருந்தால் அந்த விபத்து தள்ளிப்போகும். நம் ஊர் பேக்கரிகளின் தேன் கேக்கைப் பாருங்கள். ஸ்பாஞ்சைச் சர்க்கரைப் பாகில் குளிப்பாட்டி, மேலே சிவப்பு ஜாமைத் தடவி, தேங்காய்த் துருவலைத் தூவி, விசிறிக்கு அடியில் நாள் முழுக்க வைத்திருப்பார்கள். ஒன்றும் ஆகாது. தேன் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. ஜாம் கெடாததற்குக் காரணம் அதில் 65 சதவீதத்துக்குக் குறையாமல் கரைபொருள், பெரும்பாலும் சர்க்கரை, இருப்பதுதான். மிச்சமிருக்கும் தண்ணீரைச் சர்க்கரை தன் பிடியில் வைத்துக்கொள்கிறது. பூஞ்சைக்குக் கிடைப்பது சொற்பம். மாம்பலத்துப் போளிக்காரர் பூரணத்தை உருட்ட வரும் வரை சுண்டக் கிண்டுவதும் தண்ணீரைத் துரத்தத்தான், ஆனால் தேங்காய்ப் பூரணம் அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும்.

கிரீமில் இருக்கும் வெண்ணெய் இளகி உருகுவது சுமார் 32 முதல் 35 டிகிரியில். சென்னையில் மே மாதப் பிற்பகல் 38க்கும் 40க்கும் நடுவில். இந்த ஒரு கணக்கு போதும், உங்கள் மேல் துண்டு ஏன் சறுக்குகிறது என்று சொல்ல. அந்தக் காலத்து பேக்கரிக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி. டால்டா 1937இல் சந்தைக்கு வந்தது. அதன் உருகுநிலையை உடம்பு சூட்டையும் தாண்டி உயர்த்தலாம். அந்த ஐசிங் ரோஜாப்பூ வெயிலில் நின்றது, வாயிலும் கரையாமல் நின்றது! மேலண்ணத்தில் மெழுகு அப்பியது போன்ற அந்த உணர்ச்சிக்கு விளக்கம் இதுதான்.

கே: ஐஸ் பெட்டிக் காலத்துப் பேச்சு பேசுகிறீர்கள். இப்போது வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ், ஏசி. கிரீம் வைத்தால் என்ன? ஜாம் திகட்டுகிறது.
— ஒரு வாசகர், தி.நகர்

ப: நியாயமான ஆட்சேபணை, இரண்டு கால்களில் நிற்கிறது. முதல் காலைப் பார்ப்போம். கடையில் வாங்கும் ஃபிரெஷ் கிரீம் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: கொழுப்பு 25 சதவீதம் என்று போட்டிருக்கும். கிரீம் நுரைத்து நிற்க 30க்கு மேல் வேண்டும். நீங்கள் அடித்துக்கொண்டே இருக்கலாம், கைதான் வலிக்கும். கேக் கடையில் பார்க்கும் வெள்ளை மலைகளில் பெரும்பாலானவை பால் கிரீமே அல்ல. அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் ராபர்ட் ரிச் என்பவர் 1945இல் சோயாவிலிருந்து செய்த விப் டாப்பிங்கின் வாரிசுகள். அதுவும் நன்றாகத்தான் நிற்கும், குளிரில் இருக்கும் வரை. பிறந்தநாள் கேக் பாண்டி பஜாரிலிருந்து கிளம்பி உஸ்மான் ரோடு சிக்னலில் மாட்டி, வீடு வந்து, பாட்டிக்காகக் காத்திருந்து, மெழுகுவத்தி ஏற்றி, பாட்டுப் பாடி முடிகிற வரை உங்கள் ஃபிரிட்ஜ் கூடவே வராது. வெள்ளைக்காரர்கள் மெட்ராஸில் கிரீம் தின்னவில்லையா என்று கேட்பீர்கள். அதற்கு அவர்கள் பாஸ்டனிலிருந்து கப்பலில் ஐஸ் கட்டி இறக்கினார்கள். கடற்கரையில் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அதற்குச் சாட்சி. ஒரு தம்ளர் குளிர்ச்சிக்கு ஒரு மகாசமுத்திரம் செலவு!

இரண்டாவது கால், திகட்டல். இங்கேதான் எனக்குப் பிரியமான விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமான வாசகர்கள் பெருமூச்சு விடலாம். ப்ளாக் ஃபாரஸ்ட் கேக்கின் உச்சியில் பளபளக்கிற சிவப்புச் செர்ரி இருக்கிறதே, அது நம் ஊரில் பெரும்பாலும் செர்ரியே அல்ல, களாக்காய். ஊறுகாய்க்கு வாங்குவீர்களே, அதே முள்செடிக் காய். காயைக் கொட்டை நீக்கி, உப்புநீரில் ஊறவைத்து, எரித்ரோசின் என்ற சாயம் ஏற்றி, நாளுக்கு நாள் கெட்டியாகும் பாகில் போட்டுப் போட்டு எடுக்கிறார்கள். எரித்ரோசினைத் தேர்ந்தெடுத்தவர் புத்திசாலி: புளிப்பில் அது கரையாது, அதனால் வெள்ளைக் கிரீமில் சிவப்பு இறங்காது. ஜெர்மனியில் இந்தக் கேக்குக்கு அதிகாரபூர்வ வழிகாட்டு நெறியே உண்டு, செர்ரிச் சாராயத்தின் வாசனை தெரிந்தாக வேண்டும். நம் ஊரில் வாசனையும் இல்லை, செர்ரியும் இல்லை, களாக்காய்க்குப் பேரும் இல்லை. டூட்டி ஃப்ரூட்டியில் இருக்கும் பப்பாளிக்காய்க்கும் இதே கதிதான், ஆனால் பப்பாளிக்கு வேறு வாழ்க்கை உண்டு.

என் வாதம் இதுதான்: உச்சியில் வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கும் அதே பழத்தை, வேஷத்தைக் கலைத்து நடுவில் வையுங்கள். திகட்டலை வெட்ட வேண்டியது புளிப்பு. களாவுக்கு அது பிறவிக் குணம். ஜாம் உறைய வேண்டியது பெக்டின். அதுவும் களாவில் தாராளம். நன்றாகக் கறுத்துச் சிவந்த பழமாக வாங்குங்கள். நறுக்கும்போது பால் ஒட்டும், கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கொட்டையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீரில் வேகவிட்டு, பழத்தின் எடைக்குச் சர்க்கரை சேர்த்து 105 டிகிரி வரை காய்ச்சுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியபின் விரலால் தள்ளுங்கள், மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கிவிடலாம். சாயமே வேண்டாம், நிறம் தானே வரும்.

அடுக்குவதில் பலரும் அவசரப்படுகிறார்கள். கேக் உள்வரை ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பான கேக்கில் எந்த வஸ்துவும் நிற்காது. கத்தியைவிட நூல் உத்தமம். கேக்கின் இடுப்பைச் சுற்றித் தையல் நூலைக் கட்டி, இரண்டு நுனிகளையும் குறுக்காகப் பிடித்து மெல்ல இழுத்தால், சமமாக இரண்டு வட்டமாகப் பிரியும். அறுத்த முகத்தில் பாகை லேசாகத் தெளித்து, ஓரத்தில் விரல் அகலம் விட்டு ஜாமைத் தடவுங்கள். மேல் துண்டை வைத்து உள்ளங்கையால் அமுக்கினால் அந்த விரல் அகலமும் தானே நிரம்பிவிடும். கிரீம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஓரத்தைச் சுற்றிக் கெட்டியான ஐசிங்கால் ஒரு வரப்புக் கட்டி, அதற்குள் மெல்லிசாக வையுங்கள். வரப்பில்லாத வயலில் தண்ணீர் நிற்குமா?

கே: ஐஸ் ஹவுஸ் பற்றி முன்பும் எழுதியிருந்தீர்கள். ஐஸ் கப்பல் நின்றபின் அந்தக் கட்டடம் என்ன ஆயிற்று?
— ஒரு வாசகி, அடையாறு

ப: இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டதும் கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடத்தை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, ஜன்னல் எல்லாம் வைத்து வீடாக மாற்றினார்; நீதிபதி கெர்னன் நினைவாக அதற்குக் ‘கேஸில் கெர்னன்’ என்று பெயர். 1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 9 நாள் தங்கியது அங்கேதான், அதனால் இன்று அது விவேகானந்தர் இல்லம். இந்த ஐயங்காரையும் தெருவுக்குத் தெரு போர்டு போட்டிருக்கும் பெங்களூர் பேக்கரி ஐயங்கார்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்கள் ஹாசன் பக்கத்திலிருந்து வந்தவர்கள், தேன் கேக் அவர்கள் கட்சி.