பிரின்செஸ் அலிஸ்: நடுக்கடல் மலைமேல் முக்குளிப்பு

அசோர்ஸ் தீவுக்கூட்டத்தின் பிக்கோ, ஃபையால் தீவுகளுக்குத் தென்மேற்கே, படகில் ஏறத்தாழ 3 மணி நேரப் பயணத் தொலைவில், அட்லாண்டிக் நடுவே மூழ்கிக் கிடக்கிறது பிரின்செஸ் அலிஸ் என்னும் கடலடி மலை. மொனாக்கோவின் முதலாம் ஆல்பர்ட் 1896-இல் இதைக் கண்டறிந்தார்; அவருடைய ஆய்வுக் கப்பலின் பெயரே மலைக்கும் அமைந்தது. கோடையில் இங்கே கொம்புத் திருக்கைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. முக்குளிப்போர் இவ்வளவு தூரம் வருவது அவற்றுக்காகத்தான்.

குமட்டல் மாத்திரையைப் படகு ஏறுமுன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி எடுத்து உடலில் நீர் வற்றியவர் அன்று இறங்காமல் இருப்பதே நல்லது.

மலையுச்சி ஏறக்குறைய 35 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே அழுத்தம் 4.5 பார், 20 மீட்டரில் 3 பார். உச்சியைத் தொட ஆசைப்படுபவரின் காற்று ஒன்றரை மடங்கு வேகமாகத் தீரும். நைட்ரஜன் மயக்கமும் தலைகாட்டலாம். திருக்கைகளோ பெரும்பாலும் மேல்நீரிலேயே சுற்றுகின்றன. எனவே நங்கூரக் கயிற்றை ஒட்டி 10 முதல் 20 மீட்டருக்குள் நிற்பதே இங்குள்ள முறை. கீழே தரையும் பக்கத்தில் பாறையும் இல்லாத நீலத்தில் ஆழம் கூடுவது கண்ணுக்குத் தெரியாது. டைவ் கணினியை அடிக்கடி பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

நீரோட்டம் சில நாட்களில் கடுமையாக இருக்கும். கயிற்றை விட்டவர் சிறிது நேரத்தில் படகை விட்டு வெகுதூரம் போய்விடுவார். அப்படி நேர்ந்தால் எதிர்த்து நீந்திக் களைக்கக் கூடாது. துணைவரோடு சேர்ந்து மெதுவாக மேலேறி, ஊதி நிமிர்த்தும் மிதவையைக் காட்ட வேண்டும். மிதவையும் விசிலும் இல்லாமல் இங்கே யாரும் இறங்கக் கூடாது.

திருக்கைகளைத் துரத்தினால் அவை விலகிவிடும். அசையாமல் இருந்தால் பல நேரம் அவையே நெருங்கி வந்து பார்க்கும். இதில் நாகரிகத்துக்கு மேல் ஒரு காரணமும் உண்டு. அசோர்ஸில் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. இத்திருக்கைகள் ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழம்வரை, 4 டிகிரிக் குளிருக்குள் இறங்குவதையும், அதற்கு முன்னும் பின்னும் மேல்நீரில் தங்குவதையும் அது காட்டியது. உடலைச் சூடேற்றிக்கொள்ளவே அவை அப்படித் தங்குவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மேலேறும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். அலையில் கயிறு வெட்டி வெட்டி இழுக்கும். இறுகப் பற்றினால் உடலும் ஏறி இறங்கும், கையை நீட்டித் தளர்வாகப் பிடிப்பதே சரி. பலமுறை இறங்கியவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், இந்தப் பயணத்தைத் தீவில் தங்கும் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.