இழுத்துக் கட்டிய செல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்ட கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. “நமக்கு எலும்பு இருக்கு, செல்லுக்கு இருக்கா சார்?” கரும்பலகையில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. அப்படித்தான் நாமெல்லாம் செல்லைப் படித்தோம். அதே படத்தைப் பார்த்துவிட்டு, இது சரியாமல் எப்படி நிற்கிறது என்று ஒரு பிள்ளைக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறதே, அந்த மகிழ்ச்சியில்தான் எழுதுகிறேன்.

இருக்கிறது. ஆனால் எலும்பு என்று சொல்லிவிடாதீர்கள், கல்யாண வீட்டுப் பந்தலைச் சொல்லுங்கள். கம்பு மட்டும் இருந்தால் பந்தல் நிற்காது, கயிற்றை இழுத்து முளையில் கட்ட வேண்டும். செல்லுக்குள் கம்புபோல் இருப்பவை நுண்குழல்கள். கயிறு, ஆக்டின் என்ற புரத இழை, 7 நானோமீட்டர் தடிமன். மயோசின் என்ற இன்னொரு புரதம் இந்த இழைகளைப் பற்றி இழுத்துக்கொண்டே இருக்கிறது. செல் தரையோடு ஒட்டியிருக்கும் புள்ளிகள்தான் முளைகள். நம் பந்தலில் இல்லாத ஒன்றும் இங்கே உண்டு. இந்தக் கயிறு ஒரு முனையில் வளர்ந்தபடியே மறுமுனையில் கரைந்துகொண்டிருக்கும்.

தாங்கிப் பிடிப்பது மட்டும்தானா இதன் வேலை? ஹைதராபாத் ஹப்சிகூடாவில் இருக்கும் சிசிஎம்பி, அதாவது செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில், ஜோத்ஸ்னா தவான் இந்தக் கேள்விக்குள் இறங்கினார். டேவிட் ஹெல்ஃப்மனுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2004இல் ஜர்னல் ஆஃப் செல் சயின்ஸ் இதழில் வந்தது. உங்கள் மாணவிக்கு நான் சொல்ல விரும்புவது அந்த ஆய்வைத்தான்.

அவர்கள் எடுத்துக்கொண்டவை சி2சி12 என்ற எலிச் செல்கள். 1977இல் இஸ்ரேலில் ஒரு சுண்டெலியின் தொடைத் தசையிலிருந்து எடுத்து வளர்த்தவற்றின் வழிவந்தவை. தசையாக மாறக் காத்திருக்கும் முன்செல்கள் இவை. ஊட்டம் நிறைந்த திரவத்தில் விட்டால் பெருகிக்கொண்டே போகும். ஊட்டத்தைக் குறைத்தால் பெருகுவதை நிறுத்தி, வரிசையாக அணிவகுத்து, ஒன்றோடொன்று இணைந்து நீண்ட தசைக்குழல்களாகும். பெருக்கம் நிற்பதும் தசையாவதும் இங்கே கைகோத்தே வரும். தரையே கிடைக்காமல் திரவத்தில் மிதக்கவிட்டால் மட்டும் கதை வேறு: பெருக்கம் நிற்கும், தசையாகவும் ஆகாது. இது அவர்களுக்கு முன்பே தெரியும்.

செல்லைத் தரையில் ஒட்டியபடியே விட்டுவிட்டு, கயிற்றின் இழுப்பை மட்டும் தளர்த்தினால் என்ன ஆகும்? மயோசினின் வேலையைத் தடுக்கும் இரண்டு வேதிப்பொருள்களைத் தனித்தனியே செலுத்திப் பார்த்தார்கள். ஒட்டுப்புள்ளிகள் குறைந்தன, செல்லின் வடிவம் மாறியது. டிஎன்ஏ நகலெடுப்பது விரைவில் நின்றது. கூடவே மயோடி என்ற புரதத்தின் அளவும் சரிந்தது. மயோடி சாதாரணப் புரதம் இல்லை. இணைப்புத் திசுச் செல்லுக்குள் அதன் மரபணுவைச் செலுத்தினால் அந்தச் செல்லே தசையாக மாறிவிடும் என்று 1987இல் அமெரிக்காவில் கண்டுபிடித்திருந்தார்கள். தசையின் அடையாளத்தையே கையில் வைத்திருக்கும் அந்தப் புரதம், கயிறு தளர்ந்ததும் அடங்கிப்போகிறது! செல் தரையில்தான் இருக்கிறது, ஆனால் மிதப்பதாகவே நடந்துகொள்கிறது.

இன்னொன்றையும் கவனித்தார்கள். மயோசினைத் தடுத்தபோது ஆக்டின் இழைகளின் அளவு குறையவில்லை, கயிறு இருந்தது, இழுப்புதான் போயிருந்தது. பிறகு கடற்பஞ்சுகளில் கிடைக்கும் லாட்ரன்குலின் என்ற பொருளால் கயிற்றையே அவிழ்த்தார்கள். அப்போதும் மயோடி குறைந்தது. ஆக, கயிறும் வேண்டும், அதில் இழுப்பும் வேண்டும். இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை. எந்த மரபணு பேச வேண்டும் என்பதில் ஒரு கயிற்றின் விறைப்புக்கும் பங்கு இருக்கிறது.

பெருகாமலும் தசையாகாமலும் இருக்கும் இந்த நிலை நம் உடம்பிலும் உண்டு. தசைநாரின் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும் துணைக்கோள் செல்களை 1961இல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையில் கண்டார். அடிபடும்வரை அவை உறங்கும். அடிபட்டால் விழித்து, பெருகி, தசையைச் சீராக்கும். தவானின் ஆய்வுகள் பெரும்பாலும் இந்த உறக்கத்தைப் பற்றியவை.

செல்லின் கருவுக்குள்ளும் ஒரு சட்டகம் உண்டு. சிசிஎம்பியிலேயே வீணா பர்நைக்கின் குழு அதை ஆராய்ந்தது. அதில் உள்ள லாமின் என்ற புரதம் தசை உருவாகும்போது தன் அமைப்பை மாற்றிக்கொள்வதை 2001இல் காட்டினார்கள். லாமின் மரபணுவில் பிழை இருந்தால் தசைச் சிதைவு நோய் வரலாம். நோயாளி இருக்கும் வீட்டில் எவரும் இதை வெறும் ஆய்வகச் செய்தியாகப் படிக்க மாட்டார்கள்.

தவானின் சோதனைக்கே திரும்பினால், மயோசினைத் தடுத்த பொருள்களை நீக்கியதும் அந்தச் செல்கள் மீண்டும் டிஎன்ஏ நகலெடுக்கத் தொடங்கின. மாணவியிடம் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், அவை சாகவில்லை.

உங்கள் பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒளிச்சேர்க்கைச் சோதனைக்கு வைத்திருக்கும் ஹைட்ரில்லாவில் ஓர் இளம் இலையைக் கிள்ளி, நீர்த்துளியில் வைத்து, சற்று நேரம் வெளிச்சத்தில் விட்டுப் பாருங்கள். பசுங்கணிகங்கள் செல்லின் சுவரோரமாக ஊர்ந்து சுற்றிவரும். அவற்றை நகர்த்துவதும் ஆக்டினும் மயோசினும்தான். முதலில் அந்தப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.