திரையில் தெரியும் நிறம்: எண்களில் அறிவோம்

எங்கள் ஊர் ஆரணி. திருவண்ணாமலை மாவட்டத்தின் பட்டு நெசவு ஊர். நான் சாப்ட்வேர் வேலையில் இருந்தாலும், சித்தப்பா வீட்டில் இன்றும் கைத்தறி ஓடுகிறது. அவர் சேலைகளை நேரடியாக விற்க, சிறிய இணையப் பக்கம் ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். முதல் மாதமே ஒரு சேலை திரும்பி வந்தது.

"படத்துல செக்கச் செவேல்னு இருந்துச்சாம். கைக்கு வந்தது அரக்காம். தறி தப்பா, உன் படம் தப்பாடா?" என்றார் சித்தப்பா.

பல நாள் உழைப்பு வீணாகக் கூடாதே! காரணத்தைத் தேடினேன். நான் அறிந்தவை உங்களுக்கும் உதவும்.

மூன்று எண்கள்

மானிட்டரில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு உண்டு. மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. இப்படி 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும்.

இணையப் பக்கங்களில் இதே எண்களை ஹெக்ஸ் முறையில் # குறியுடன் எழுதுவார்கள். இது பதினாறின் அடிப்படையிலான எண் முறை. அரக்குக்கு நெருக்கமான மெரூன் நிறம் 128, 0, 0. ஹெக்ஸ் முறையில் 128 என்பது 80 (8 x 16). எனவே மெரூன் நிறத்தின் குறியீடு #800000.

வெள்ளைத் தாள் சோதனை

1. சேலையின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுங்கள்.

2. படத்தை விண்டோஸில் உள்ள பெயிண்ட் புரோகிராமில் திறந்திடுங்கள்.

3. சொட்டுக் குழாய் போன்ற கலர் பிக்கர் டூலைத் தேர்ந்தெடுத்து, தாளின் மேல் கிளிக் செய்திடுங்கள்.

4. பின் எடிட் கலர்ஸ் பிரிவைத் திறந்தால் மூன்று எண்களும் தெரியும்.

மூன்றும் ஏறக்குறைய சமமாக இருந்தால் வெளிச்சம் சரி. மூன்றுமே 255 என வந்தால் வெளிச்சம் அதிகம். மீண்டும் எடுக்க வேண்டும். என் படத்தில் 250, 225, 180 என வந்தது. நீலம் குறைவு, அதாவது படம் முழுக்க மஞ்சள் ஏறியிருந்தது. மஞ்சள் பல்பின் கீழே எடுத்ததுதான் தவறு. காலையில் திண்ணை நிழலில் வைத்து எடுத்தபோது மூன்று எண்களும் நெருங்கி வந்தன. சேலையும் அரக்காகவே தெரிந்தது.

இணையத்தில் உதவும் டூல்கள்

கூகுள் தேடலில் கலர் பிக்கர் என ஆங்கிலத்தில் டைப் செய்தால், நிறப் பலகை ஒன்று திறக்கும். மவுஸால் நிறத்தை நகர்த்தி, அதன் எண்களையும் ஹெக்ஸ் குறியீட்டையும் பெறலாம்.

விலையை வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தேன். சித்தப்பாவால் படிக்க முடியவில்லை. வெப்எய்ம் தளத்தின் கான்ட்ராஸ்ட் செக்கர் டூலில் இரு நிறங்களையும் கொடுத்தேன். 1.07க்கு 1 என விடை வந்தது. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும் என்கிறது இணைய அணுகல் விதிமுறை. கறுப்பு எழுத்துக்கு மாற்றினேன். அது 21க்கு 1.

எண்ணுக்குள் அடங்காதவை

எல்லாத் திரைகளும் ஒரே மாதிரி நிறம் காட்ட, 1996ல் ஹெச்.பி., மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவை முன்வைத்தன. 1999ல் அது சர்வதேசத் தரமானது. ஆனாலும், வாங்குபவர் தன் போனில் இரவு விளக்கு வசதியை இயக்கியிருந்தால் நிறம் மஞ்சளாகவே தெரியும். மயில் கழுத்து நிறச் சேலையில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். பார்க்கும் கோணத்திற்கேற்ப மாறும் அதற்கு ஒரே குறியீடு போதாது. எனவே இரு கோணங்களில் படம் எடுத்துப் போடுகிறேன். படத்தின் கீழே "அரக்கு", "மயில் கழுத்து" என நெசவாளர் சொல்லும் பெயரையும் எழுதுகிறேன்.

திரும்பி வந்த சேலையைப் புதிய படத்துடன் மீண்டும் ஏற்றினோம். அது விற்றுவிட்டது. சித்தப்பா இப்போது சேலையோடு ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துக் கொண்டுதான் திண்ணைக்கு வருகிறார். நீங்களும் உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றைப் படம் எடுத்து இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.