கடலிடைப் பிரிவு

பொருள் கருதியோ கல்வி கருதியோ தலைவன் தலைவியைப் பிரிந்து செல்வதைப் பழந்தமிழ்ப் புலவர் பலபடப் பாடியுள்ளனர். வினைமுடித்து மீளும் தலைவன், தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை வேண்டுவதாக அமைந்த பாடல்கள் அகநூல்களிற் பல உள. கடற்பயணம் மகளிரொடு நிகழ்வதில்லை என்பது தொல்காப்பியனார் கொண்ட வரையறை. ஆயின், மனைவியோடு கடல் கடந்து சென்று, அயல்நாட்டையே தம் நாடாகக் கொண்ட ஒருவர், அம்மனைவியின் நோய் காரணமாகத் தாயகம் திரும்ப நேர்ந்தால் அப்பயணம் எத்தகையதாகும்? தேரையேனும் விரைவுபடுத்தலாம்; காற்றை நம்பிய பாய்க்கப்பலை யார் விரைவுபடுத்த வல்லார்?

அடோனிராம் ஜட்சன் என்பார் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1788-ஆம் ஆண்டு பிறந்தவர். கிறித்தவ சமயப் பணியை மேற்கொண்ட அவர், 1812-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தம் மனைவி ஆன் அம்மையாருடன் கப்பலேறிக் கல்கத்தாவை அடைந்தார். கிழக்கிந்தியக் கும்பினியார் அவரை அங்குத் தங்கவிடவில்லை. மொரீஷியஸ் தீவுக்குச் சென்று, அங்கிருந்து நம் சென்னைக்கு வந்தார். சென்னையில் அந்நாளில் துறைமுகம் இல்லை. மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து சென்றே கப்பலேறுதல் வேண்டும். 1813-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் அவ்விருவரும் சென்னையினின்று 'ஜார்ஜியானா' என்னும் கப்பலில் புறப்பட்டனர். இடைவழியில் அம்மையாருக்கு ஒரு மகவு இறந்தே பிறந்தது. ஜூலை 13-ஆம் நாள் இரங்கூனை அடைந்தனர்.

அன்றுமுதல் பர்மிய மொழியே ஜட்சனுக்கு உயிராயிற்று. 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர் மூண்டபோது, ஆவா நகரில் அவரைச் சிறையிலிட்டனர். ஆன் அம்மையார் நாள்தோறும் அலைந்து உணவு கொண்டுவந்து கொடுத்தார். விவிலிய மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் படியை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் சேர்ப்பித்தார். அவ்வாறு தம்மையும் தம் நூலையும் காத்த மனைவியின் இறுதிக் காலத்தில் ஜட்சன் அருகில் இல்லை. போர் முடிந்தபின் அவர் ஆங்கிலத் தூதுக்குழுவினருடன் மீண்டும் ஆவாவிற்குச் சென்றிருந்த பொழுது, 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் அம்மையார் காய்ச்சலால் உயிர் நீத்தார். திரும்பி வந்த கணவர் கண்டது கல்லறையையே.

எட்டாண்டுகள் தனித்து வாழ்ந்தபின், 1834-இல் சாரா என்னும் அம்மையாரை மணந்தார். அவரும் கணவரை இழந்தவர். பர்மிய மொழியில் நூல்களை மொழிபெயர்க்கும் ஆற்றல் வாய்ந்தவர். இருவரும் மோல்மீன் நகரில் வாழ்ந்தனர். விவிலிய மொழிபெயர்ப்பு முற்றுப்பெற்றுத் திருத்தமும் செய்யப்பட்டது. அதன்பின் ஜட்சன் அகராதிப் பணியில் இறங்கினார். அகராதி தொகுப்பாரின் துன்பத்தை அகராதி தொகுத்தாரே அறிவர். ஒரு சொல்லுக்குப் பொருள் காணப் புகுந்தால் அது வேறு பத்துச் சொற்களிடம் நம்மை அனுப்பிவிடும். பர்மிய மொழியிலோ பாலி மொழிச் சொற்களும் மிகுதி. 'சதுரகராதி' தந்த வீரமாமுனிவருக்குத் தமிழர் எத்துணைக் கடன்பட்டுள்ளனரோ, அத்துணைக் கடன் பர்மியருக்கும் ஜட்சனிடத்து உண்டு.

1844-ஆம் ஆண்டின் இறுதியில் மகன் ஒருவன் பிறந்தபின், சாரா அம்மையாரைச் சீதபேதி பற்றிக்கொண்டது. அருகிலுள்ள கடற்கரை ஊர்களுக்குச் சென்றும் நோய் தணியவில்லை. நெடிய கடற்பயணமும் குளிர்நாட்டு வாழ்வுமே உயிர்காக்கும் வழி என்று துணிந்தனர். ஜட்சன் தாயகத்தை விட்டுவந்து முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் உடல்நலம் குன்றியபோதும் அவர் அங்குச் சென்றாரல்லர். இப்பொழுதோ அகராதி பாதியில் நிற்கிறது. என் செய்வது? முன்னொருத்தியின் கல்லறையைக் கண்டு நின்றவர் இம்முறை நெடுநேரம் எண்ணியிருப்பார் என்று தோன்றவில்லை. அகராதிப் பணிக்குத் துணையான பர்மியர் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, மூத்த பிள்ளைகள் மூவருடன் 1845-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் கப்பலேறினார். இளைய பிள்ளைகள் மூவரும் நண்பர் இல்லங்களில் விடப்பட்டனர். கடைக்குட்டிக்கு வயது நான்கு திங்கள்.

கப்பல் மொரீஷியஸை அடைந்தபோது அம்மையாரின் நோய் தணிந்திருந்தது. அந்நிலையில் அவர்கள் ஒரு முடிவிற்கு வந்தனர். அம்மையார் மட்டும் அமெரிக்கா செல்வது. ஜட்சன் மோல்மீனுக்குத் திரும்பி அகராதியைத் தொடர்வது. கணவரின் பணி தம்மால் தடைப்படுதல் ஆகாது என்றே அம்மையார் கருதினார். விடைகொடுக்கும் முகத்தான் ஒரு பாடலும் எழுதினார். ஆனால் நோய் மீண்டும் முற்றிற்று. தனியே அனுப்பும் எண்ணத்தை ஜட்சன் கைவிட்டார். பர்மியத் துணைவர் இருவரும் மோல்மீனுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர், அகராதி நின்றது, கணவனும் மனைவியும் பிள்ளைகளும் வேறொரு கப்பலில் மேலும் சென்றனர்.

நன்னம்பிக்கை முனையைக் கடந்து, நெப்போலியன் சிறைவைக்கப்பட்டிருந்த செயின்ட் எலினாத் தீவின் துறையிற் கப்பல் நின்றது. செப்டம்பர் முதல்நாள், பொழுது விடியுமுன், சாரா அம்மையார் கப்பலிலேயே உயிர் துறந்தார். இம்முறை கணவர் அருகில் இருந்தார். அன்று பிற்பகல் உடல் கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் செய்யப்பெற்றது. இலங்கையில் பணிசெய்த சேட்டர் என்பாரின் மனைவியார், இவ்வாறே தாயகம் திரும்பும் வழியில் இறந்தவர். அவருடைய கல்லறைக்குப் பக்கத்திலேயே இவருக்கும் இடம் கிடைத்தது. மாலையிற் கப்பல் புறப்பட்டுவிட்டது. துயருற்றார்க்காகக் கப்பல் காத்து நிற்பதில்லை. மறுநாட் காலையில் தீவு கண்ணுக்குத் தென்படவில்லை. தாயற்ற பிள்ளைகளுள் மூத்தவளுக்கு அப்பொழுது வயது ஒன்பது. மோல்மீனில் விட்டுவந்த குழந்தைகளுள் ஒருவன் தாய்க்கு முன்னரே, ஆகஸ்டுத் திங்களில், இறந்துவிட்டான் என்பதை அத்தாயும் அறிந்திலள். தந்தையும் அப்பொழுது அறிந்திலர்.

அக்டோபர் 15-ஆம் நாள் பாஸ்டன் நகரில் இறங்கினார் ஜட்சன். இருபத்துமூன்றாம் வயதில் புறப்பட்டவர் ஐம்பத்தேழாம் வயதில் வந்தார். எவருடைய நலத்துக்காக வந்தாரோ அவர் உடன் வரவில்லை. வரவேற்க மக்கள் திரண்டனர். நோயால் அவர் குரல் நலிந்திருந்தமையால், அவர் மெல்லச் சொல்வதை அருகில் நின்ற ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

மறுஆண்டு எமிலி என்னும் எழுத்தாளரை மணந்து பர்மாவிற்கு மீண்டார். சாரா அம்மையாரின் வரலாற்றை எழுதியவர் இவ்வெமிலியே. 1849-இல் அகராதியின் ஆங்கில-பர்மியப் பகுதி முடிந்தது. பர்மிய-ஆங்கிலப் பகுதி எஞ்சியிருக்கையில் ஜட்சனே நோயுற்றார். அவருக்கும் கடற்பயணமே மருந்தாகக் கூறப்பட்டது. எமிலி அம்மையார் கருவுற்றிருந்தமையால் உடன் செல்ல இயலவில்லை. 1850-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் கப்பலில் ஜட்சன் இறந்தார். உடல் வங்கக் கடலில் விடப்பட்டது. எஞ்சிய அகராதியை ஸ்டீவன்ஸ் என்பார் நிறைவு செய்து 1852-இல் வெளியிட்டார். கணவர் இறந்த செய்தி மோல்மீனிலிருந்த எமிலி அம்மையாரைச் சென்றடைய ஏறத்தாழ நான்கு திங்கள் ஆயின.