வெளிநாட்டுச் சம்பளமும் வாழ்க்கைத் தரமும்

வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்ற செய்தி ஒரு வீட்டுக்கு வந்ததும், உற்றார் உறவினர் கேட்கும் முதற்கேள்வி, "நம் பணத்துக்கு எவ்வளவு வரும்?" என்பதே. யாரேனும் ஒருவர் டாலரையோ தினாரையோ ரூபாயாகப் பெருக்கிச் சொல்வார். அந்தத் தொகையைக் கேட்டு வீடே வியந்து போகும். அதை மட்டும் நம்பி நகையை அடகு வைப்போரும், நிலத்தை விற்று ஏஜெண்டுக்குப் பணம் கட்டுவோரும் உண்டு. நம் பள்ளியில் பயின்ற அக்காமார் பலர் செவிலியராகவும் ஆசிரியையாகவும் கடல் கடந்து சென்றுள்ளனர். நாளை நம்முள்ளும் சிலர் செல்லக்கூடும். எனவே ஒரு நாட்டின் வாழ்க்கைச் செலவையும் வாழ்க்கைத் தரத்தையும் மற்றொரு நாட்டோடு எவ்வாறு ஒப்பிடுவது என்பதை நாம் அறிந்திருப்பது நன்று.

மாற்று விகிதம் சொல்லும் பாதிக் கதை

வங்கியில் ஒரு டாலரைக் கொடுத்தால் எத்தனை ரூபாய் கிடைக்கும் என்பதே மாற்று விகிதம். 2017-ஆம் ஆண்டில் அது சராசரியாக 65 ரூபாய் 12 காசு. ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளையும் சேவையையும் இந்தியாவில் வாங்க அவ்வாண்டில் எவ்வளவு தேவைப்பட்டது? 20 ரூபாய் 65 காசுதான்! இதை 'வாங்கும் சக்தி' என்பர். இக்கருத்துக்கு 1918-ஆம் ஆண்டில் பெயரிட்டு வழங்கியவர் சுவீடன் நாட்டுப் பொருளியல் அறிஞர் கஸ்தாவ் காசல்.

இவ்வெண்களைக் கண்டறிவது எளிய வேலையன்று. 1968-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பும் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் இணைந்து இப்பணியைத் தொடங்கின. 1970-ஆம் ஆண்டுக்கான முதல் ஒப்பீட்டில் இடம்பெற்றவை 10 நாடுகளே. அவற்றுள் இந்தியாவும் ஒன்று. 2017-ஆம் ஆண்டுக்கான ஒப்பீட்டிலோ 176 நாடுகள் பங்கேற்றன. அரிசி, துணி, வாடகை, பேருந்துக் கட்டணம், மருத்துவம் எனப் பலவற்றின் விலைகளையும் நாடுதோறும் திரட்டிக் கணக்கிடுகின்றனர்.

தையற்காரியின் கூலி

இரண்டு எண்களுக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன்? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு கிராம் தங்கம் சென்னையிலும் நியூயார்க்கிலும் ஏறத்தாழ ஒரே மதிப்புடையது. ஏனெனில் விலை குறைந்த இடத்தில் வாங்கி விலை மிகுந்த இடத்தில் விற்க வணிகர் காத்திருக்கின்றனர். ஆனால் ஒரு பாவாடையைத் தைக்கும் கூலியைக் கப்பலில் ஏற்றி அனுப்ப இயலுமா? சென்னைத் தையற்காரியின் கையில் இருப்பதும் ஊசிதான். நியூயார்க் தையற்காரியின் கையில் இருப்பதும் ஊசிதான். இருவரும் செலவிடும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. எனினும் நியூயார்க்கில் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் கூலி மிகுதி. அங்குள்ளவளுக்கும் அதற்கு ஈடாகக் கொடுக்காவிட்டால் அவள் தையலை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவாள். முடி திருத்துவது, பாத்திரம் துலக்குவது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஆகிய அனைத்தும் இவ்வாறே. செல்வ நாடுகளில் மனித உழைப்பின் விலை அதிகம். ஆகவே அதனை வாங்குவோர்க்குச் செலவும் அதிகம்.

ஒரு கணக்குப் போடுவோம்

2017-இல் அமெரிக்காவில் மாதம் 3,000 டாலர் சம்பளம் பெற்ற ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். மாற்று விகிதத்தால் பெருக்கினால் 1,95,360 ரூபாய். இதுவே உறவினர் வியந்த தொகை. ஆனால் அவள் உண்பதும் உடுப்பதும் குடியிருப்பதும் அமெரிக்க விலையில் அல்லவா? 2,500 டாலரை அங்கேயே செலவழித்துவிட்டு 500 டாலரை வீட்டுக்கு அனுப்புகிறாள் என்போம். அங்கே செலவிட்ட 2,500 டாலரை 20.65-ஆல் பெருக்க வேண்டும். 51,625 ரூபாய் வரும். அனுப்பிய 500 டாலரை மட்டும் 65.12-ஆல் பெருக்க வேண்டும். அது 32,560 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 84,185 ரூபாய்.

முன்னர்க் கண்ட தொகையில் இது பாதிக்கும் குறைவு. இருப்பினும் இதுவும் நல்ல வருமானமே என்பதை மறுப்பதற்கில்லை. இக்கணக்கு உணர்த்தும் விதி ஒன்றுண்டு: அங்கே செலவாகும் பணத்தை அந்நாட்டு விலையாலும், இங்கே வந்து சேரும் பணத்தை மாற்று விகிதத்தாலும் அளக்க வேண்டும். வெளிநாடு செல்வோர் ஒற்றை அறையில் பலராகத் தங்கியும், தாமே சமைத்து உண்டும் மிச்சம் பிடிப்பதன் காரணம் இதுவே. அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு டாலரும் இங்கே வரும்போது மும்மடங்கு வலிமை பெறுகிறது. உலக வங்கியின் கணக்குப்படி 2023-இல் இந்தியாவுக்கு இவ்வாறு வந்த பணம் ஏறத்தாழ 12,000 கோடி டாலர். அதன் பின்னே எத்தனை பேருடைய சிக்கனம் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போமாக.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 20.65 என்பது நாடு முழுவதற்குமான சராசரி. நியூயார்க் வாடகையும் சிற்றூர் வாடகையும் ஒன்றாகா. சென்னைக்கும் செங்கோட்டைக்கும் கூட வேறுபாடு உண்டு.

ஒரே கூடை கிடைக்குமா?

விலைகளை ஒப்பிட வேண்டுமானால் எல்லா நாட்டிலும் ஒரே பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். 'தி எக்கனாமிஸ்ட்' என்னும் இலண்டன் வார இதழ் 1986-ஆம் ஆண்டில் இதற்கு வேடிக்கையான வழி ஒன்றைக் கண்டது. பல நாடுகளிலும் விற்கும் 'பிக் மேக்' என்னும் ரொட்டிப் பண்டத்தின் விலையைக் கொண்டே நாணயங்களை ஒப்பிட்டது. ஆனால் இந்தியாவில் அப்பண்டத்தை மாட்டிறைச்சி வைத்து விற்பதில்லை. ஆதலால் கோழியிறைச்சி வைத்த 'மகாராஜா மேக்' கணக்கில் சேர்க்கப்பட்டது. பாருங்கள், ஒரு ரொட்டித் துண்டில் கூட ஒரே பொருள் கிடைப்பது அரிதாயிருக்கிறது! சோறும் சாம்பாரும் உண்பவள் தனக்குப் பழகிய கூடையோடு அயல்நாடு சென்றால், அங்கே முருங்கைக்காய் விலை உயர்ந்த பொருளாகிவிடும். அந்நாட்டு ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் மாறினால் செலவு குறையும். வாழ்க்கைச் செலவில் ஒரு பகுதி நம் பழக்கத்தின் செலவே.

கூடைக்கு வெளியே இருப்பவை

சில செலவுகள் கடையில் தென்படுவதில்லை. பின்லாந்தில் 1948 முதல் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் மதிய உணவு இலவசம். பிரிட்டனில் அதே 1948-இல் தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது. மருத்துவமனையில் படுத்து எழுந்தவர் கையில் கட்டணச் சீட்டு வருவதில்லை. அமெரிக்காவிலோ பெரும்பாலோர் வேலையின் வழியாகவே மருத்துவக் காப்பீடு பெறுகின்றனர். வேலை போனால் அதுவும் ஆட்டம் காணும். ஆதலால் வரி குறைவு, சம்பளம் மிகுதி என்று மகிழுமுன், நோய் வந்தால் செலவு யாருடையது என்று கேட்க வேண்டும்.

பெண்களுக்குப் பேறுகால விடுப்பு மிக முக்கியமன்றோ? இந்தியாவில் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2017-இல் திருத்தி, 10 பேருக்குக் குறையாத பணியிடங்களில் முதல் இரு மகப்பேறுகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு வழங்க வகை செய்தனர். செல்வத்தில் நம்மினும் எத்தனையோ மடங்கு உயர்ந்த அமெரிக்காவில், தனியார் துறைப் பெண்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பு அளிக்கும்படி நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்படவில்லை; 1993-ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளமில்லாத 12 வார விடுப்பையே உறுதி செய்தது. சில மாநிலங்கள் மட்டும் தாமே வழி செய்துள்ளன. எனினும் நம் பெருமையையும் அளவோடு வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் வயலிலும் கட்டட வேலையிலும் பிறர் வீட்டு வேலையிலும் இருக்கும் பெரும்பாலான தாய்மாரை இந்த 26 வாரம் எட்டுவதில்லை.

வளைகுடா நாடுகளின் நிலை வேறு. குவைத்து, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால் குறிப்பிட்ட அளவு சம்பளம் வேண்டும். பிரிட்டனும் 2024 மார்ச்சு மாதத்தில், முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வருவோர் தம் கணவரையோ பிள்ளைகளையோ அழைத்துவரக் கூடாதென்று விதித்தது. பிள்ளையைப் பிரிந்திருக்கும் நாட்களை எந்த மாற்று விகிதத்தால் பெருக்குவது?

வாழ்க்கைத் தரத்தை அளப்பது எப்படி?

பணத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதை அறிஞர்கள் முன்பே உணர்ந்தனர். 1979-இல் மோரிஸ் டேவிட் மோரிஸ் என்பவர் குழந்தை இறப்பு, எழுத்தறிவு, ஒரு வயதில் எதிர்பார்க்கும் ஆயுள் ஆகிய மூன்றைக் கொண்டு ஓர் அளவுகோலை வெளியிட்டார். 1990-இல் பாகிஸ்தானைச் சேர்ந்த மஹ்பூப் உல் ஹக் என்பார் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் சார்பில் மனித மேம்பாட்டுக் குறியீட்டை உலகுக்கு அளித்தார். அவருக்குத் துணை நின்றவர், அவரோடு கேம்பிரிட்ஜில் பயின்ற நம் நாட்டு அமர்த்தியா சென். மனித வாழ்வை ஒரே எண்ணில் அடக்குவதற்குச் சென் முதலில் தயங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது. நீண்ட ஆயுள், கல்வி, வாங்கும் சக்தியால் அளந்த வருமானம் ஆகிய மூன்றும் இக்குறியீட்டில் அடங்கும். 2025-இல் வெளிவந்த அறிக்கையில் ஐஸ்லாந்து முதலிடம் பெற்றது. 193 நாடுகளுள் இந்தியாவுக்கு 130-ஆம் இடம்.

பணமும் வாழ்வும் எப்போதும் கைகோத்துச் செல்வதில்லை என்பதற்குக் கோஸ்ட்டா ரிக்கா என்னும் சிறு நாடு சான்று. அது 1948-இல் தன் இராணுவத்தையே கலைத்துவிட்டது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் தொடர்ந்து செலவிட்டது. 2019-இல் அதன் தலா வருமானம், வாங்கும் சக்தியால் அளந்தால், அமெரிக்காவினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆயினும் சராசரி ஆயுள் அங்கே ஏறத்தாழ 80 ஆண்டு. அமெரிக்காவில் ஏறத்தாழ 79. இதற்கு மாறாக, ஆப்பிரிக்காவின் எக்குவடோரியல் கினியில் 1990-களில் எண்ணெய் பெருக்கெடுத்தது. தலா வருமானம் அக்கண்டத்தின் உயர்ந்த வரிசையை எட்டியது. ஆனால் மக்களின் ஆயுளோ 60 ஆண்டுகளை ஒட்டியே நின்றது. நம் அண்டை நாடாகிய இலங்கையும் 1945-இலேயே இலவசக் கல்வியை ஏற்றது. தன்னைப் போன்ற வருமானமுடைய பல நாடுகளைவிட எழுத்தறிவிலும் ஆயுளிலும் அது முன்னேறி நின்றது. வருமானம் எவ்வளவு என்பதோடு, அது எங்கே செலவாகிறது என்பதும் சேர்ந்தே மக்கள் வாழ்வை உருவாக்குகிறது.

கணக்கில் வராத உழைப்பு

எந்த நாட்டு வருமானக் கணக்கிலும் சேராத உழைப்பு ஒன்று நம் ஒவ்வொருவர் வீட்டிலும் நடக்கிறது. 2019-இல் நம் நாட்டில் எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கூலியின்றி உழைத்தனர். அதில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். நம் அன்னையரின் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்துக்கு எந்தப் பட்டியலிலும் விலை இல்லை. இந்தியாவில் வாழ்க்கைச் செலவு குறைவு என்று நாம் சொல்லும்போது, அந்தக் குறைவில் ஒரு பகுதி அம்மாவின் உழைப்பாலும், குறைந்த கூலிக்கு வேலை செய்யும் பெண்களாலும் வந்தது என்பதை மறக்கலாகாது. ஒருவருக்குச் சிக்கனமாக இருப்பது மற்றொருவருக்குக் குறைவூதியமாக இருக்கிறது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

இனி நம் வீட்டில் வெளிநாட்டு வேலை பற்றிய பேச்சு எழுந்தால், படித்த பெண்களாகிய நாம் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அமர்வோம். மாதம் வாடகைக்கும் உணவுக்கும் எவ்வளவு போகும்? உண்மையில் அனுப்ப இயலும் தொகை எவ்வளவு? கடனை அடைக்க எத்தனை மாதம் ஆகும்? நோயுற்றால் யார் பார்ப்பர்? வேலை பிடிக்காவிட்டால் மாற உரிமை உண்டா? இரவில் பெண் தனியே அச்சமின்றி நடக்கலாமா? ஆண்டுக்கு எத்தனை முறை வீடு வரலாம்? இவற்றுக்கு விடை கண்ட பின், போவதென்று முடிவு செய்தாலும் தெளிவோடு போகலாம். இருப்பதென்று முடிவு செய்தாலும் ஏக்கமின்றி இருக்கலாம். ரூபாயாகப் பெருக்குவதற்கு ஒரு நிமிடம் போதும். மற்றக் கேள்விகளுக்கு ஒரு மாலைப் பொழுதாவது ஒதுக்குவோம். ஏனெனில் அங்கே சென்று வாழப் போகிறவள் நம் வீட்டுப் பெண்.